கழற்றிப் பார்த்தல்: கிரைண்டரும் ஏவல் வினையும்

1

அன்றாடப் பொருள்களைப் பற்றி எழுதுவதற்கு நமது சிறுபத்திரிகைச் சூழலில் இரண்டு வழிகள் பழகிப்போயிருக்கின்றன. ஒன்று, பொருளைக் குறியாக வாசிப்பது. மோட்டார் சைக்கிள் ஆண்மையின் குறி, டி.வி. நுகர்வியத்தின் குறி, மிக்ஸி நடுத்தர வர்க்க ஆசையின் குறி என்று போகும் இது. ரொலாண் பார்த் 1957இல் வெளியிட்ட 'மித்தாலஜீஸ்' தொகுப்பில் சோப்புத்தூள், பிளாஸ்டிக், சிட்ரோயன் கார் என்று எழுதிக் காட்டிய வழி. அவர் எழுதியபோது அது ஒரு திறப்பு. நாம் அதைத் திரும்பத் திரும்ப எழுதி வாய்ப்பாடாக்கிவிட்டோம். இன்னொன்று, பாடப்புத்தக விஞ்ஞானத் தமிழ். 'மின்னாற்றலானது இயந்திர ஆற்றலாக மாற்றப்படுகிறது' என்கிற வாக்கியம் அதற்கு ஓர் உதாரணம். யார் மாற்றினார்கள், எதற்காக, மாற்றாவிட்டால் என்ன என்கிற கேள்விக்கே அதில் இடமில்லை.

முதல் வழியில் ஆள் உண்டு, பொருள் கிடையாது. இரண்டாவதில் பொருள் உண்டு, ஆள் கிடையாது. இரண்டிலுமே யாரும் மூடியைத் திறந்து உள்ளே பார்த்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவது வழி ஒன்று பட்டறைகளிலும் தொழிற்சாலைகளிலும் புழங்கிவருகிறது. ஒரு பொருளை அதன் பாகங்களாகப் பிரிக்காமல், அது செய்யும் வேலைகளாகப் பிரிப்பது. ஒவ்வொரு வேலையையும் ஒரு வினைச்சொல்லும் ஒரு பெயர்ச்சொல்லுமாக எழுதி வைப்பது. 'சூட்டைப் பிடி', 'தண்ணீரைத் தடு', 'சுமையைத் தாங்கு'. இவ்வளவுதான் சமாச்சாரம். கேட்டால் பாலபாடம் மாதிரி இருக்கும். ஆனால் விமர்சனம் செய்கிறவர்கள் கைக்கொள்ள வேண்டிய முறை இது என்பதும், கைக்கொள்ளும்போது இதிலுள்ள ஓட்டை ஒன்றை அடைத்தாக வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம். கட்டுடைத்தலைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. கழற்றுதலைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம்.

2

இந்த முறைக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. அது நமக்கு உவப்பான இடமில்லை. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி. இரண்டாம் உலகப் போரின்போது செம்பு, நிக்கல் போன்ற உலோகங்களுக்குப் பஞ்சம். கேட்ட சாமான் கிடைக்காது. கொள்முதல் பகுதியில் இருந்த லாரன்ஸ் மைல்ஸ் என்ற பொறியாளர் 'இந்தப் பாகம் கிடைக்கவில்லையா, சரி, இந்தப் பாகம் செய்கிற வேலை என்ன? அதை வேறு எதைக் கொண்டு செய்யலாம்?' என்று கேட்க ஆரம்பித்தார். பஞ்சத்துக்குக் கேட்ட கேள்வி லாபத்துக்கும் உதவும் என்று தெரிந்தது. 1947இல் இதை 'மதிப்புப் பகுப்பாய்வு' என்று ஒரு முறையாக்கினார்கள். 1961இல் மைல்ஸ் புத்தகமாகவே எழுதினார். பிறகு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை எடுத்துக்கொண்டது; உலகம் முழுக்கப் பரவியது.

மைல்ஸ் எழுப்பிய கேள்விகள் ஐந்து: இது என்ன, இது என்ன செய்கிறது, இதன் செலவு எவ்வளவு, இதே வேலையை வேறு எது செய்யும், அதற்கு எவ்வளவு செலவு. ஐந்தில் இரண்டு காசைப் பற்றியவை. 'யார்' என்று தொடங்கும் கேள்வி ஒன்றுகூட இல்லை என்பதை இப்போதே குறித்துக்கொள்வோம்.

இந்த முறை பிறந்த கதையாக மதிப்புப் பகுப்பாய்வுக்காரர்கள் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. பெயின்ட் அடிக்கும் இடத்தில் தரையில் விரிக்க ஆஸ்பெஸ்டாஸ் தேவைப்பட்டது. சொட்டும் பெயின்டால் தீப்பிடிக்காமல் இருக்க அது விரிக்கப்பட்டது. ஆஸ்பெஸ்டாஸ் கிடைக்கவில்லை. தீப்பிடிக்காத காகிதம் ஒன்று சல்லிசாகக் கிடைத்தது. அதே வேலையைச் செய்தது. ஆனால் தீத்தடுப்பு விதியில் 'ஆஸ்பெஸ்டாஸ்' என்று பெயர் எழுதியிருந்ததால் காகிதத்தை அனுமதிக்கவில்லை. விதியை மாற்றப் போராட வேண்டியிருந்தது. விதி பெயரைச் சொன்னது, வேலையைச் சொல்லவில்லை. பெயர்ச்சொல்லின் அதிகாரம் என்பது இதுதான். வினைச்சொல்லைக் கேட்டவுடன் அது ஆட்டம் காண்கிறது.

ஆனால் கதையைச் சொல்கிறவர்கள் விட்டுவிடும் ஒரு விஷயம் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் 'தீயைத் தடு' என்கிற வேலையை மட்டும் செய்யவில்லை. அதன் நார்கள் நுரையீரலில் போய்த் தங்கிப் புற்றுநோயையும் கொடுத்தன. 'தீயைத் தடு' என்ற வரிக்குப் பக்கத்தில் 'தொழிலாளியைக் கொல்' என்ற வரியையும் எழுதியிருக்க வேண்டும். வேண்டிய வேலைகளின் பட்டியலில் வேண்டாத வேலைகள் எழுதப்படுவதில்லை. அந்தக் காகிதம் காசுக்காக வந்தது. உயிர்களைக் காப்பாற்றியிருந்தால் அது தற்செயல்.

3

இனி ஒரு பொருளைக் கழற்றுவோம். நம் பக்கத்துப் பொருளாக இருக்கட்டும்: மாவரைக்கும் கிரைண்டர். கோவையில் 1955இல் பி. சபாபதி என்பவர் உருவாக்கியது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள்.

கிரைண்டரைப் புரிந்துகொள்ள ஆட்டுக்கல்லிலிருந்து தொடங்க வேண்டும். ஆட்டுக்கல்லுக்கு முன்னால் உட்கார்ந்த பெண்ணின் இரண்டு கைகளும் இரண்டு வேறு வேலைகளைச் செய்தன. வலது கை குழவியைச் சுற்றியது. இடது கை, ஓரத்துக்கு ஒதுங்கும் மாவைத் திரும்பத் திரும்பக் குழிக்குள் தள்ளிவிட்டது. இந்த இரண்டோடு முடியவில்லை. தண்ணீர் தெளிக்க வேண்டும். விரலால் தொட்டுப் பதம் பார்க்க வேண்டும். வழித்து எடுக்க வேண்டும். கல்லைக் கழுவ வேண்டும். 'மாவாட்டுதல்' என்று ஒரே பெயரில் சுருட்டி வைத்திருந்ததை விரித்தால் இப்படி வருகிறது:

குழவியைச் சுற்று.
பருப்பை நசுக்கு.
மாவைத் தள்ளு.
தண்ணீரைச் சேர்.
பதத்தைப் பார்.
மாவை வழி.
கல்லைக் கழுவு.

இப்போது சபாபதியும் அவருக்குப் பின்னால் வந்த கோவைப் பட்டறைக்காரர்களும் செய்ததைப் பார்க்கலாம். குழவியைச் சுற்றுவதற்கு மோட்டார் வைத்தால் குழவியைப் பிடித்துக்கொண்டு வட்டமடிக்கும் கை ஒன்றை இரும்பில் செய்ய வேண்டும். அது சிக்கல் பிடித்த காரியம். அவர்கள் கேள்வியை மாற்றிப் போட்டார்கள். குழவி சுற்ற வேண்டும் என்று யார் சொன்னது? கல்லும் கல்லும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகர வேண்டும், அவ்வளவுதானே தேவை. எனவே குழவியை நிறுத்திவிட்டு, குழி இருக்கிற பாத்திரத்தையே சுற்றவிட்டார்கள். ஆயிரம் வருஷப் பழக்கம் தலைகீழாகிவிட்டது. உருவத்தைக் காப்பியடித்திருந்தால் இது நடந்திருக்காது. வேலையைத் தனியாகப் பிரித்துப் பார்த்ததால் நடந்தது. மைல்ஸைப் படித்துவிட்டுச் செய்தார்கள் என்று சொல்ல எந்த ஆதாரமும் தேவையில்லை. நல்ல பட்டறைக்காரன் வேலையைத்தான் பார்ப்பான்.

பாத்திரம் சுற்றும்போது மாவு ஓரத்துக்கு ஏறும். அதைத் தடுத்து உள்ளே திருப்பிவிட ஒரு பலகையைப் பொருத்தினார்கள். அந்தப் பலகைதான் இடது கை. கிரைண்டர் வைத்திருப்பவர்கள் போய்ப் பார்க்கலாம். அசையாமல் சும்மா நிற்கிற மாதிரி இருக்கும். அது சும்மா நிற்பதனால்தான் மாவு திரும்பி வருகிறது.

அடுத்தது வேகம். நம் ஊர்க் கரண்டு நொடிக்கு 50 சுழற்சி. அதில் ஓடும் சாதாரண நான்கு முனை மோட்டார் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 1440 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் கல் பாத்திரத்தைச் சுற்றினால் மாவு சுவரில் போய் அப்பிக்கொள்ளும், கூரைக்கும் போகும். வேகத்தைக் குறைக்க வேண்டும், அதே சமயம் கனமான கல்லை நகர்த்தும் முறுக்கைக் கூட்ட வேண்டும். சின்னக் கப்பியிலிருந்து பெரிய கப்பிக்கு பெல்ட் போட்டால் இரண்டு காரியமும் ஒன்றாக நடக்கிறது. பெரிய கப்பியின் விட்டம் பத்து மடங்கு என்றால் வேகம் பத்தில் ஒன்று. முறுக்கு, உராய்வில் போனது போக, கிட்டத்தட்டப் பத்து மடங்கு. இயந்திரவியலில் இலவசம் என்று எதுவும் கிடையாது. வேகத்தைக் கொடுத்துத்தான் முறுக்கை வாங்க முடியும்.

பெல்ட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கல்லுக்கு இடையில் ஏதாவது சிக்கிப் பாத்திரம் நின்றுவிட்டால் பெல்ட் வழுக்கும். வழுக்குவதால் மோட்டார் எரியாமல் தப்பிக்க வழி கிடைக்கிறது. 'பெல்ட் வழுக்குது சார்' என்று நாம் குறையாகச் சொல்வது, அதன் இரண்டாவது வேலை.

மோட்டார் சில சமயம் 'உம்ம்' என்று உறுமிக்கொண்டு நிற்கும். கையால் ஒரு தள்ளு தள்ளிவிட்டால் ஓட ஆரம்பிக்கும். மெக்கானிக் திறந்துகூடப் பார்க்காமல் 'கன்டன்சர் போச்சு' என்பார். என்ன அர்த்தம்? வீட்டுக்கு வருவது ஒற்றைக் கட்ட மின்சாரம். அது மோட்டாருக்குள் உண்டாக்கும் காந்தப்புலம் முன்னும் பின்னும் ஆடுமே தவிர, ஒரு பக்கமாகச் சுழலாது. நின்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியாது. கன்டன்சர், இரண்டாவது சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தின் நேரத்தை முன்தள்ளி வைக்கிறது. இரண்டு சுருள்களும் ஒன்றுக்குப் பின் ஒன்று இழுப்பதால் புலம் சுழல்கிறது, மோட்டார் புறப்படுகிறது. ஓட ஆரம்பித்த பிறகு ஆடும் புலத்திலேயே ஓடிவிடும். கையால் தள்ளியபோது கன்டன்சரின் வேலையைத்தான் கை செய்தது. 'புறப்பாட்டைக் கொடு' என்ற வரிக்கு எதிரே யாரும் இல்லாதபோது கை போய் நின்றது. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இயந்திரத்தில் ஏதாவது ஒரு வரி காலியானால், அந்த இடத்தில் ஒரு கை வந்து நிற்கும். யாருடைய கை என்பதுதான் கேள்வி.

4

'சுற்று', 'நசுக்கு', 'தள்ளு', 'வழி', 'கழுவு'. இந்தச் சொற்களை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். பொறியாளர் இவற்றை 'செயல்' என்பார். தமிழ் இலக்கணம் வேறு பெயர் சொல்லும். இவை ஏவல். தமிழில் வினைப்பகுதியின் வடிவமும் முன்னிலை ஒருமை ஏவலின் வடிவமும் ஒன்று. நன்னூல் வினைப்பகுதிகளைப் பட்டியலிடும்போது ஏவல் வடிவில்தான் பட்டியலிடுகிறது. அகராதியில் 'அரை' என்று தேடினால் நமக்குக் கிடைப்பது வினையின் வேர். அதையே சமையலறை வாசலில் நின்று சொன்னால் கட்டளை. அதுவும் மரியாதை இல்லாத கட்டளை. 'அரையுங்கள்' என்று வேர்ச்சொல் கிடையாது.

ஆங்கிலத்தில் எழுதிய மைல்ஸுக்கு இது உறுத்தியிருக்க வாய்ப்பில்லை. தமிழில் இந்தப் பட்டியலை எழுதும்போது உறுத்துகிறது, உறுத்த வேண்டும். ஏவல் என்றால் ஏவுகிறவர் ஒருவர், ஏவப்படுகிறவர் ஒருவர். 'மாவைத் தள்ளு' என்ற ஏவலை ஏற்றவர் மருமகளாக இருந்தார். வசதியான வீட்டில் வேலைக்காரியாக இருந்தார். பண்ணை வீட்டில் அரைக்கவும் குத்தவும் புடைக்கவும் வந்தவர் எந்தச் சாதியிலிருந்து வந்தார், எந்த வாசல் வரை வந்தார் என்பதைத் தனியாக எழுத வேண்டியதில்லை. இயந்திரம் வந்தபோது இந்த ஏவல்களில் சில இரும்புக்கும் கல்லுக்கும் மாற்றப்பட்டன. செயல்வாரிப் பகுப்பு என்பது, அப்படியானால், ஏவல்களின் கணக்கு. எந்த ஏவல் யாரிடமிருந்து எடுக்கப்பட்டது, யாரிடம் கொடுக்கப்பட்டது, எது யாரிடமே தங்கிவிட்டது. மைல்ஸ் கேட்காத 'யார்' என்ற கேள்வியை நாம் வெளியிலிருந்து ஒட்டவைக்க வேண்டியதில்லை. தமிழில் அது வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏழு ஏவல்களில் சுற்று, நசுக்கு, தள்ளு ஆகிய மூன்றும் இயந்திரத்துக்குப் போயின. தண்ணீரைச் சேர், பதத்தைப் பார், மாவை வழி, கல்லைக் கழுவு ஆகிய நான்கும் பெண்ணிடம் தங்கின. போனவை மூன்றும் தோள்பட்டையைப் பிடுங்கிய வேலைகள். சாதாரண விஷயமில்லை அது. ஒரு ஆள் கையால் சுற்றித் தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி சில பத்து வாட்தான். அரைக் குதிரைத் திறன் மோட்டார் என்றால் ஏறக்குறைய 373 வாட். பல ஆட்களின் கைகள் அந்த மோட்டாருக்குள் இருக்கின்றன. இதைப் போற்றாமல் 'நுகர்வுக் கலாச்சாரம்' என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுகிறவர் ஆட்டுக்கல்லில் உட்காராதவர்.

ஆனால் தங்கியவை நான்கும் பக்கத்தில் நின்றே செய்ய வேண்டிய வேலைகள். உளுந்து எவ்வளவு தண்ணீர் இழுக்கும் என்பது பருப்புக்குப் பருப்பு வேறுபடும். தெளித்துத் தெளித்துத்தான் பார்க்க முடியும். எனவே இயந்திரம் ஓடும்போது அவர் வேறெங்கும் போக முடியாது. கை விடுதலையானது, கால் விடுதலையாகவில்லை.

பழைய கிரைண்டரில் கல்லைத் தூக்கிக் கழுவுவது பெரிய பாடு. அதற்காக வந்தது சாய்வு கிரைண்டர். பாத்திரத்தையே சாய்த்து மாவைக் கொட்டலாம். பிறகு மேஜை மேல் வைக்கும் கிரைண்டர் வந்தது. ஒற்றைக் குழவிக்குப் பதில் இரண்டு மூன்று சின்ன உருளைக் கற்கள். கல் பாத்திரம் போய், எஃகுப் பாத்திரத்தின் அடியில் மட்டும் கல். ஒவ்வொரு மாற்றமும் 'வழி', 'கழுவு' என்ற ஏவல்களின் கனத்தைக் குறைத்தன. 'பதத்தைப் பார்' என்ற ஏவலை மட்டும் யாரும் தொடவில்லை. அது வேலை என்றே கணக்கில் வரவில்லை. 'கைப்பக்குவம்' என்று புகழ்ந்து ஒதுக்கப்பட்டது. புகழப்படும் உழைப்புக்குக் கூலி கேட்க முடியாது.

5

'மிக்ஸியிலேயே அரைத்துவிடலாமே' என்பார்கள். மைல்ஸின் நான்காவது கேள்வி இது: இதே வேலையை வேறு எது செய்யும்? இங்குதான் வினைச்சொல்லைச் சரியாகத் தேர்வதன் அவசியம் தெரிகிறது. மிக்ஸி அரைப்பதில்லை, வெட்டுகிறது. உள்ளே இருப்பது பிரஷ் வைத்த வேறு ஜாதி மோட்டார். சுமை இல்லாமல் நிமிஷத்துக்குப் பதினெட்டாயிரம், இருபதாயிரம் சுற்று ஓடக்கூடியது. பிளேடு பருப்பை அடித்துத் துண்டாக்குகிறது. கிரைண்டர் கல்லோ மெதுவாக நசுக்கி இழுக்கிறது. நசுங்கி இழுபடும்போது உளுந்தின் பசைத்தன்மையும் புரதமும் காற்றைப் பிடித்து வைக்கின்றன, மாவு உப்புகிறது. மிக்ஸியின் வேகத்தில் மாவு சூடேறும். அதனால்தான் ஐஸ் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். இட்லிக்கு வேண்டியது 'துண்டாக்கு' அல்ல, 'காற்றைப் பிடி'. பட்டியலின் முதல் வரியே தவறாக இருந்தால் கீழே எல்லாம் தவறு.

மறுபக்கத்திலும் இதே பாடம். ஐரோப்பிய மிக்ஸிகள் பழச்சாறுக்கும் மாவு கலக்கவும் செய்யப்பட்டவை. காய்ந்த மிளகாய், மஞ்சள், தேங்காய், ஊறிய பருப்பு அவற்றின் பட்டியலில் இல்லை. அப்படி ஒரு மிக்ஸி நம் அரைப்பைத் தாங்காமல் பழுதானதிலிருந்துதான் பம்பாயில் மாதுர் தம்பதியர் 1960களில் 'சுமீத்' மிக்ஸியை உருவாக்கினார்கள். கணவர் பொறியாளர், எது அரைய வேண்டும், எவ்வளவு நேரம் என்ற பட்டியல் சமையலறையிலிருந்து வந்தது. வேலையை வரையறுத்தவர் மாறியபோது மோட்டார் மாறியது. 'உலகளாவிய தொழில்நுட்பம்' என்ற சொல்லாடலை உடைக்க இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

நேரம் மிச்சமாகியதா என்றால் அது தனிக் கணக்கு. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய 'மோர் வொர்க் ஃபார் மதர்' நூலில், அமெரிக்க வீடுகளுக்கு வந்த இயந்திரங்கள் ஆணும் குழந்தைகளும் வேலைக்காரர்களும் செய்துவந்த வேலைகளை எடுத்தன, அல்லது அவற்றைத் தாயின் தலையிலேயே சேர்த்தன. எதிர்பார்ப்பின் அளவும் கூடியது. ஆகவே தாயின் உழைப்பு நேரம் குறையவில்லை என்று காட்டினார். நம் கதை முழுக்க அப்படியில்லை. ஆட்டியவரே பெண் என்பதால் பாரம் இறங்கியது பெண்ணின் தோளிலிருந்துதான். ஆனால் எதிர்பார்ப்பு இங்கும் ஏறியது. பண்டிகைக்கும் விருந்தாளிக்கும் என்றிருந்த இட்லியும் தோசையும் பல வீடுகளில் அன்றாடக் காலை உணவாயின. 'மிஷின் இருக்கே, போட்டா அரைக்கப் போகுது' என்ற வாக்கியத்தில் 'போட்டா' என்பதற்கு எழுவாய் இல்லை. யார் போடுவது?

6

பட்டியலில் ஏறாத ஏவல் ஒன்று உண்டு. 'கல்லைக் கொத்து.' உரசி உரசிக் கல் வழவழப்பாகிவிட்டால் அரைக்காது. 'அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ' என்று தெருவில் கூவிக்கொண்டு வந்தவர்கள் இந்த வேலையைச் செய்தார்கள். உளியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு, கல்லின் முகத்தில் வரிசையாகப் பொளிந்து சொரசொரப்பைத் திரும்பக் கொடுத்தார்கள். கல் மழுங்கினால் புதுக் கல் வாங்கி மாட்டிவிடலாம் என்றானபோது இந்த வேலை வீதியிலிருந்து மறைந்தது.

வேலை மறையவில்லை, இடம் மாறியது. கிரைண்டருக்குக் கல் வேண்டும். கல்லை வெட்ட வேண்டும், கடைய வேண்டும், பொளிய வேண்டும். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் மூச்சோடு உள்ளே போனால் சிலிக்கோசிஸ் வரும். வந்த நோய் போகாது. ஆஸ்பெஸ்டாஸ் கதையில் விட்டுப்போன வரி இங்கும் விட்டுப்போகிறது. கிரைண்டர் பெண்ணின் தோளிலிருந்து எடுத்ததை யாருடைய நுரையீரலில் வைத்தது என்று கேட்பது கிரைண்டருக்கு எதிரான பேச்சு இல்லை. கல் வெட்டும் இடத்தில் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும். உறிஞ்சி வைத்தால் குறையும். 'தூசியை அடக்கு' என்பதையும் ஒரு வேலையாகப் பட்டியலில் எழுதினால் அதற்கொரு பாகமும் விலையும் வந்துவிடும். எழுதாதவரை அதன் செலவு தொழிலாளியின் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்.

2011 செப்டம்பர் 15ஆம் தேதி தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 'இலவசம்' என்று படித்தவர்கள் ஏளனம் செய்தார்கள். இத்தகைய வாக்குறுதிகளை எதிர்த்து வழக்குப் போய், தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்களிப்பது சட்டப்படி ஊழல் நடத்தையாகாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏளனம் செய்தவர்கள் அந்தக் கிரைண்டருக்கு எழுதிய வேலை ஒன்றே ஒன்று: 'ஓட்டை வாங்கு'. அந்த வேலையும் அதற்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு பொருளுக்கு ஒரே வேலை என்று நினைப்பது மோசமான பொறியியல். மோசமான அரசியலும்கூட. அதே கிரைண்டர் 'தோளை விடு' என்ற வேலையையும் செய்கிறது. தெருவுக்குத் தெரு ஈரமாவு அரைத்து விற்றுப் பிழைக்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு, வீட்டுச் சாமான் என்பது எந்த நேரமும் உற்பத்திச் சாதனம் ஆகிவிடக்கூடும் என்பது தெரியும்.

7

வேலை என்பது பொருளுக்குள் குந்திக்கொண்டிருக்கிறதா? 'உருவம் வேலையைத் தொடரும்' என்று 1896இல் சொன்ன கட்டிடக் கலைஞர் லூயி சல்லிவனுக்கு அப்படித்தான் தோன்றியது. 1968இல் 'பொருள்களின் அமைப்பு' எழுதிய போத்ரியாருக்கோ, பொருளின் வேலை என்பது கடைசியில் ஒரு குறிகளின் ஒழுங்கில் பொருந்துவது. இந்த இருவருக்கும் நடுவில் புதுக்கோட்டைப் பெண்களை நிறுத்த வேண்டும்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். 'லேடீஸ் சைக்கிள்' போதவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளை ஓட்டினார்கள். இதைப் பதிவுசெய்த பி. சாய்நாத் ஒரு விவரத்தைச் சொல்கிறார்: சில பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பினார்கள், ஏனென்றால் சீட்டிலிருந்து ஹேண்டில் வரை போகும் 'பார்' அதில் இருக்கிறது. அதில் குழந்தையை உட்காரவைக்கலாம்.

இந்தக் கம்பியைக் கொஞ்சம் பாருங்கள். பொறியியல்படி அதன் வேலை சட்டகத்தை விறைப்பாக வைப்பது. மூன்று பக்கங்கள் சேர்ந்த முக்கோணத்தை, பக்கம் ஒன்று நீளாமலோ குறுகாமலோ உடையாமலோ நெளிக்க முடியாது. நாற்கோணத்தை மூட்டுகளில் சாய்த்துவிடலாம். மேல்கம்பிதான் அந்தச் சட்டகத்தைக் கட்டிப்போடுகிறது. லேடீஸ் சைக்கிளில் அந்தக் கம்பியைக் கீழே இறக்கியதற்கு இயந்திரவியல் காரணம் எதுவுமில்லை. பாவாடையும் சேலையும் தடுக்காமலிருக்க, காலைத் தூக்காமல் ஏற. அதாவது 'மானத்தைக் கா' என்ற வேலைக்காக விறைப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்த சட்டகம் அது. புதுக்கோட்டைப் பெண்கள் கம்பியின் மேல் பிள்ளையை உட்காரவைத்தபோது, வடிவமைத்தவர் பட்டியலில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தார்கள்: 'பிள்ளையைத் தாங்கு'. ஆண் பெண் என்று பிரித்துவைத்த வரியை அடித்தார்கள்.

கம்பி விறைப்பாக இல்லாவிட்டால் பிள்ளை உட்கார முடியாது. ஆகவே போத்ரியார் சொல்வதுபோல் வேலை வெறும் குறியாகிவிடாது. பெண்கள் வராவிட்டால் அந்த வேலையே இல்லை. ஆகவே சல்லிவனுக்குத் தோன்றியதுபோல் அது உருவத்துக்குள் அடங்கியும் கிடக்காது. பொருள் எதையெல்லாம் தாங்கும் என்பதை இரும்பு தீர்மானிக்கிறது. அவற்றில் எது அதன் வேலை என்பதை, பயன்படுத்துகிறவர்களும் அவர்களைத் தடுக்கிறவர்களும் சண்டை போட்டுத் தீர்மானிக்கிறார்கள்.

8

கடைசியாக மொழி. தமிழில் பொறியியலைத் தெளிவாகச் சொல்வது பற்றிய நமது விவாதம் கலைச்சொல்லிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது. மோட்டாருக்கு என்ன சொல், பெல்ட்டுக்கு என்ன சொல், கன்டன்சருக்கு என்ன சொல். எல்லாம் பெயர்ச்சொல். பெ.நா. அப்புசாமி தொடங்கி, 1987இலிருந்து வரும் 'துளிர்' வரை எளிய அறிவியல் எழுத்துக்கு நமக்கொரு நல்ல மரபு உண்டு. அதில் சிறந்த பகுதிகளைப் புரட்டிப் பார்த்தால் அவை பெயர்களால் நிற்கவில்லை, வினைகளால் ஓடுகின்றன என்பது தெரியும். 'கன்டன்சர்' என்பதை 'மின்தேக்கி' என்று மாற்றியதால் யாருக்கும் எதுவும் புரிந்துவிடவில்லை. 'அது மோட்டாரைப் புறப்பட வைக்குது' என்று சொன்னால் புரிகிறது. மின்தேக்கி என்ற சொல் வேண்டாம் என்பது வாதமில்லை. வினை முன்னால் போகட்டும், பெயர் பின்னால் வரட்டும்.

பட்டறைத் தமிழ் இந்த வகையில் நமக்கு ஆசிரியர். 'இழுவை பத்தல', 'பிடிமானம் இல்ல', 'லூஸ் அடிக்குது', 'தேஞ்சு போச்சு', 'சிக்குது', 'வழுக்குது'. ஒவ்வொன்றும் செயல்வாரிப் பகுப்பின் ஒரு வரி. பழுதைக் கண்டுபிடிப்பது என்றால், எந்த வினை நடக்கவில்லை என்று கண்டுபிடிப்பது. ஐ.டி.ஐ.யில் ஆங்கிலக் கையேட்டை மனப்பாடம் செய்த பையனைவிடப் பட்டறையில் வளர்ந்த பையன் சீக்கிரம் பழுதைப் பிடிப்பதற்கு ரத்தத்தில் ஊறிய திறமை காரணமல்ல. அவன் கையில் இருக்கும் மொழி வினையால் ஆனது. அந்த மொழியைக் 'கொச்சை' என்று ஒதுக்கிவைத்துவிட்டுத் தமிழில் பொறியியல் எழுத முடியாது.

எழுதுகிற நண்பர்களுக்கும் இயக்கங்களில் இருக்கிற நண்பர்களுக்கும் சொல்வதற்கு ஒன்றுண்டு. மனிதர் கையால் மலம் அள்ளுவதை இந்த நாட்டில் சட்டம் 1993இலும், பாதுகாப்பின்றி மலக்குழியில் மனிதரை இறக்குவதை 2013இலும் தடைசெய்தது. ஆனாலும் சாவு நிற்கவில்லை. 'சாக்கடையை அடைப்பெடு' என்ற ஏவலை யாருக்குச் சொல்வது என்பதில் இந்தச் சமூகத்துக்குச் சந்தேகமே வந்ததில்லை. அதனால் அதைப் பொறியியல் கேள்வியாகக் கேட்கவும் அவசரப்படவில்லை. அடைப்பு எங்கே உண்டாகிறது, குழாயின் சரிவு என்ன, மேலிருந்தே பார்க்க எது வேண்டும், மேலிருந்தே எடுக்க எது வேண்டும், உள்ளே தங்கும் வாயு எங்கே போக வேண்டும் என்று வரி வரியாக எழுத முடியும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே இன்று யார் நிற்கிறார் என்றும் எழுத முடியும். மாவரைக்கும் வேலைக்கு ஏழு வரி எழுதத் தெரிந்த நாட்டில் இதற்கு எழுதாமல் விட்டது தொழில்நுட்பக் குறைபாடு ஆகாது.

கோஷத்தோடு இந்தப் பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டு பேசினால் எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரி 'நடைமுறைச் சிக்கல்' என்ற பெயர்ச்சொல்லுக்குள் ஒளிந்துகொள்ள முடியாது. எந்த வரியில் சிக்கல் என்று அவர் விரலை வைத்துக் காட்ட வேண்டியிருக்கும்.